கடிகாரத்தில் தெரிந்த கதைகள்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து நாங்கள் வந்து சேரும் இடம், புனேயை ஒட்டிய நிக்டியில் ஒரு மைதானத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடம். வந்து சேர்ந்த பிறகும் யாரும் உடனே நிற்பதில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து, மணிக்கட்டைப் பார்த்தபடி வட்டமடிப்பார்கள். பத்து கிலோமீட்டர் என்று கிளம்பியவருக்குக் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டினால் மனம் ஆறாது. பத்து வரும் வரை அந்தச் சின்ன இடத்திலேயே சுற்றிவிட்டுத்தான் நிற்பார்கள். அங்கிருந்த காவல்காரர் முதல் சில வாரங்கள் இவர்கள் எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து, அவரும் தரையைப் பார்த்துத் தேடினார்.

சுற்றி முடித்ததும் சண்டை தொடங்கும்.

“உனக்கு எவ்வளவு காட்டுது?”

“பத்து புள்ளி ரெண்டு.”

“எனக்கு ஒன்பது எட்டு. ஒரே ரோட்லதான ஓடினோம்?”

“நீ வளைவுல உள்பக்கமா வெட்டிருப்ப.”

“போடா. உன் வாட்ச் மரத்தடியில போனா பக்கத்து ரோட்ல ஓடினதா எழுதும்.”

அந்தக் கூட்டத்தில் கடிகாரம் இல்லாத கை என்னுடையது மட்டும்தான். அவர்கள் எல்லோரும் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று அங்கங்கேயிருந்து வந்து புனேயில் கணினி வேலையிலோ வங்கியிலோ தொழிற்சாலையிலோ இருப்பவர்கள். நான் அவர்கள் வீடுகளுக்கு இட்லி மாவு கொடுப்பவன். மாவு கொடுக்கப் போன வீட்டில்தான் இப்படி ஒரு ஓட்டக் குழு இருப்பது தெரிந்தது. நானும் காலையில் ஓடுகிறவன் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்கள், போனேன்.

நான் ஓட ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டு லாரியில் ஏறியவன். பிறகு எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை. சூரத்தில் சாயப்பட்டறை, கட்ச் பக்கம் உப்பளம், மறுபடி லாரி, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. ஒரே இடத்தில் சில மாதம் இருந்தால் கால் பரபரக்கும். ரஞ்சன்காவில் இருக்கும்போது வேலை முடிந்து அறைக்குப் போகாமல் நெடுஞ்சாலை ஓரமாக ஓடிப் பார்த்தேன். களைத்துப் படுத்தால் வேறு ஊர் நினைப்பு வரவில்லை. அதனால் தினமும் ஓடினேன், செருப்போடு. நிக்டிக்கு வந்து மாவு அரைக்கத் தொடங்கி, இன்றுவரை இங்கேயே இருக்கிறேன் என்றால் அதில் ஓட்டத்துக்கும் பங்கு உண்டு.

குழுவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. என் வேகம் மாறாது என்பார்கள். மற்றவர்கள் ஆரம்பத்தில் பாய்ந்து கடைசியில் நடப்பார்கள். நான் ஒரே மாதிரி போவேன். “அண்ணன் காலே கடிகாரம்” என்று யாரோ சொல்லி, அது நிலைத்துவிட்டது. அதைக் கேட்க எனக்கும் பிடித்திருந்தது.

அதனால்தான் அக்காவை என்னோடு சேர்த்துவிட்டார்கள்.

அக்கா கோயம்புத்தூர்க்காரர். வங்கியில் வேலை, வயது ஐம்பதைத் தாண்டியது. குழுவில் மிக மெதுவாக ஓடுபவர் அவர்தான். ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை. அரை மராத்தான் என்கிற இருபத்தொரு கிலோமீட்டரை ஒரு தடவை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு ஒரு நேர வரம்பு உண்டு. ஓட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் மெதுவாக ஒரு வண்டி ஊர்ந்து வரும். வரம்புக்குள் வர முடியாதவர்களை அது ஏற்றிக்கொள்ளும், ஏனென்றால் அதற்குப் பிறகு சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட வேண்டும்.

முதல் வருடம் அக்கா தனியாக ஓடி அந்த வண்டியில் ஏறினார். இரண்டாவது வருடம் நான் கூட ஓடினேன். வழக்கம்போலப் பேசிக்கொண்டே போனோம். எனக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் வேகம் சரி. பேசுவது பெரும்பாலும் நான். அக்கா கேட்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். கடைசிப் பாலத்தின் மேல் வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண் கதவைத் திறந்து, “பஸ் ஜாலா, தாயி” என்றார். போதும் அக்கா, என்று அர்த்தம். என் கால்களுக்கு இன்னும் தெம்பு இருந்தது, ஆனால் அவரை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. நானும் ஏறினேன். உள்ளே நாலைந்து பேர் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்கள். எங்களை ஓட்டம் முடியும் இடத்து மேடைக்குப் பின்னால், சமையல் பாத்திரங்கள் கழுவும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். முன்பக்கம் அக்காவின் கணவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் முழுவதும் அவர் வீட்டில் அதே பேச்சு. மாவு கொடுக்கப் போகும்போது என் காதிலும் விழும்.

“இந்தத் தடவை அந்த டிரைவர்கிட்ட ஜன்னல் சீட்டு சொல்லி வெச்சுடு,” என்பார் கணவர்.

“நீங்க எந்திரிச்சு பால்கனி வரைக்கும் ஓடிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்,” என்பார் அக்கா.

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மூன்றாவது வருடத்துக்குப் பெயர் கொடுத்த அன்று என்னிடம் தனியாகச் சொன்னார். “தம்பி, இந்த வருஷமும் அந்த வண்டியில ஏறுனேன்னா இதோட விட்டர்றேனுங்க. ஞாயித்துக்கிழமை வர்றதையும் நிறுத்திருவேன். அவ்வளவுதான்.” குரலை உயர்த்தவில்லை. பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

இனிமேல் இதில் விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அப்போதுதான் கடிகாரம் வாங்கலாமா என்ற யோசனை முதன்முதலாக வந்தது.

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருந்தன. முதல் காரணம், அது என் வருமானத்துக்குப் பொருந்தாத பொருள். இரண்டாவது காரணம் பழையது. ரஞ்சன்காவ் வேலைக்கும் மாவு வேலைக்கும் நடுவில் கொஞ்ச காலம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் தெரு கூட்டினேன். எங்கள் எல்லோர் கையிலும் ஒரு கறுப்புக் கடிகாரம் மாட்டினார்கள். அது மணி பார்ப்பதற்கு அல்ல. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அலுவலகத் திரையில் புள்ளியாகத் தெரியும். எங்கள் கூட்டத்துக்கு ஒதுக்கிய தெருக்களை விட்டு வெளியே போனால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று கணக்கு. பெண்கள் கழிப்பறை தேடி அடுத்த தெருவுக்குப் போனாலும் அதே கணக்குதான். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். அவர் பையோடு தெருத்தெருவாக நடப்பார், நாங்கள் எங்கள் வசதிப்படி கூட்டுவோம். தெரு சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடையில் தூங்கிவிட்டார். திரையில் எங்கள் கூட்டம் முழுவதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த வேலை அத்தோடு போயிற்று. மறுபடியும் கையில் அப்படி ஒன்றைக் காசு கொடுத்துக் கட்டிக்கொள்வதா என்று இருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டவர் குழுவில் ஒரு மென்பொருள்காரர். சென்னைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்பார். நான் அவரைச் சார் என்பேன். வேண்டாம் என்று அவர் பலமுறை சொல்லியும் அது மாறவில்லை.

“அண்ணே, இது ஆபீஸ்காரன் பாக்கற வாட்ச் இல்ல. நீங்க மட்டும் பாக்கறது.”

“நான் எதுக்கு சார் என்னையே வேவு பாக்கணும்?”

“வாங்க வேணாம். என்கிட்ட பழசு ஒண்ணு சும்மா கெடக்கு. போட்டு ஓடிப் பாருங்க. புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

போஹே என்கிற அவல் உப்புமா விற்கும் தள்ளுவண்டி முன்னால் நின்று அந்தக் கடிகாரத்தை என் கையில் கட்டி, அவரே கேள்விகள் கேட்டுப் பதிவு செய்தார். ஆணா பெண்ணா, உயரம், எடை. பிறந்த தேதி என்றார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று இருந்தது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்ட தேதி.

“நிஜ தேதி சொல்லுங்கண்ணே. வயசை வெச்சுத்தான் இதயத்துடிப்பு கணக்குப் போடும்.”

“நிஜம் யாருக்கு சார் தெரியும்? ஒரு வருஷம் முன்னப்பின்ன இருக்கும். இதயம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்.”

முதல் வாரம் அது எனக்கு ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தால், நேற்று இரவு தூக்கம் சரியில்லை, இன்று ஓய்வெடு என்று எழுதிக் காட்டும். ஓய்வெடுத்தால் யார் மாவு அரைப்பது? ஈர அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கும்போது இதயத்துடிப்பு ஏறுவதைப் பார்த்து, ஓடுகிறாயா என்று கேட்கும். டேக்டி என்று இங்கே சொல்லும் குன்றின் மேல் மரங்களுக்கு நடுவே நான் போய்வந்த பாதையை வரைபடத்தில் பார்த்தேன். குடிகாரன் போட்ட கோலம் மாதிரி இருந்தது. தனியாக ஓடும் எனக்கு இது தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த முடிவு இன்றும் மாறவில்லை. எவ்வளவு தூரம் ஓடினேன் என்பது எனக்கு என் பசியிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு அக்காவோடு நீண்ட ஓட்டம். கடிகாரம் கையில் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க மறந்துவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு அஸ்ஸாம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்து நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றுபோனது, தண்ணீர் சக்கரத்தை மூடியது, ஓட்டுநரும் நானும் கேபின் கூரை மேல் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கியது, அந்த வாசனைக்கு முன் லாரியின் கூரையிலிருந்து ஒரு பஞ்சாபி தட்டோடு நீந்தி வந்தது. அக்காவுக்கு அந்தப் பஞ்சாபியை ரொம்பப் பிடித்துவிட்டது. “தட்டை எப்படிங்க தூக்கிப் புடிச்சிருந்தாரு?” என்று இரண்டு முறை கேட்டார். நானும் கையை உயர்த்திக் காட்டினேன். பிறகு சூரத் கதை. சாயத்தொட்டியில் நின்று நின்று முழங்கால் வரை ஒரு நிறமும் அதற்கு மேல் ஒரு நிறமுமாக என் கால் ஆனது, அதைப் பார்த்துவிட்டு ஒரு வைத்தியர் எனக்கு இல்லாத வியாதி ஒன்றைச் சொன்னது.

ஓட்டம் முடிந்து போஹே சாப்பிடும்போது மென்பொருள்காரர் என் கையைப் பிடித்துக் கடிகாரத்தை அழுத்தி, அதிலிருந்ததைத் தன் கைப்பேசிக்கு வரவைத்தார். நீலக் கோடு ஒன்று ஏறி இறங்கிப் போனது.

“என்னண்ணே இது? நாலாவது கிலோமீட்டர்ல பெரிய பள்ளமா விழுந்திருக்கு. மேடு ஏதாவது வந்துச்சா?”

“இல்ல சார். சமமான ரோடுதான்.”

“அப்ப தண்ணி குடிக்க நின்னீங்களா?”

நான் யோசித்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அது அஸ்ஸாமுங்க.”

“என்னது?”

“லாரி தண்ணில நின்னுச்சுங்களே, அங்கதான். அப்புறம் அந்தப் பஞ்சாபி வந்தாரு.”

“சரி, இங்க எட்டாவதுல இன்னொண்ணு இருக்கே?”

“அது சூரத்து.”

அவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த போஹே பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்தது. “அண்ணே, உங்க வாழ்க்கை வரலாறு மொத்தமும் இதுல பதிவாயிருக்கு. கதை நல்லா இருக்கற எடமெல்லாம் கால் நின்னுடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் நானும்கூடச் சிரித்தோம். ஆனால் அறைக்குத் திரும்பி ஊறவைத்த உளுந்தைக் கழுவும்போது அந்தக் கோடு மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது. மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் வேகம் சரி என்ற என் விதியில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. வேகம் அதிகமானால் அது காட்டிக்கொடுக்கும். குறைந்தால் காட்டிக்கொடுக்காது. தனியாக ஓடும்போது என் கால் கடிகாரமாக இருந்திருக்கலாம். அக்காவோடு ஓடும்போது என் கால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அவர் சிரித்தால் மெதுவாகியிருக்கிறது, கேள்வி கேட்டால் இன்னும் மெதுவாகியிருக்கிறது. போன வருடம் பாலத்துக்கு முன்னால் நான் எந்தக் கதை சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது. நீளமான கதை.

அடுத்த ஞாயிறு கிளம்பும் முன் அக்காவிடம் சொன்னேன். “அக்கா, இன்னையிலிருந்து பேச்சு வேண்டாம்.”

“ஏனுங்க?”

“போன வாரம் பாத்தீங்கள்ல. கதைதான் நம்மள வண்டியில ஏத்துது.”

அவர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். “நான் எதுக்கு ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு வர்றேன்னு நினைக்கறீங்க? வீட்ல எல்லாரும் தூங்கறாங்க. பேங்க்ல எல்லாரும் டோக்கன் நம்பர்தான் கேக்கறாங்க. ஒருத்தர் எனக்குன்னு உக்காந்து கதை சொல்றது இங்கதான்.”

“உக்காந்து சொன்னா பரவால்லக்கா. ஓடிக்கிட்டே சொல்றதுதான் சிக்கல்.”

“எனக்குக் கதையும் வேணும், அந்த முடிவுக் கோட்டைத் தாண்டவும் வேணும். நீங்கதான் ஏதாவது பண்ணோணும்.”

மென்பொருள்காரர்தான் வழி சொன்னார். அந்தக் கடிகாரத்தில் ஒரு வேகத்தைக் குறித்து வைத்துவிடலாம். அதற்குக் கீழே போனால் மணிக்கட்டில் அதிரும். அதிர்ந்தால் நான் வாயை மூட வேண்டும். வேகம் கூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொன்றும் சொன்னார். அது காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம், வளைவிலும் மரத்தடியிலும் அது கூட்டிக் குறைத்துச் சொல்லும், பந்தயத்தன்று சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள், கடிகாரத்தில் நேரத்தை மட்டும் பாருங்கள் என்றார்.

அப்படியே பழகினோம். கதை துண்டு துண்டாகத்தான் வந்தது. உப்பளத்தில் என் கூட்டாளியைத் தேடி முதலாளி வந்து கதவைத் தட்டுகிற இடத்தில் கை அதிரும். நான் வாயை மூடிக்கொள்வேன். “சொல்லுங்க, சொல்லுங்க” என்பார் அக்கா. நான் மணிக்கட்டைக் காட்டுவேன். கதவைத் திறந்தார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் எட்டி ஓடுவார். சில வாரங்களில் கோட்டில் பள்ளங்கள் ஆழம் குறைந்தன. மறையவில்லை.

பந்தயம் விடியற்காலையில் தொடங்கியது. கோர்படிப் பக்கம் ராணுவக் குடியிருப்புகளின் வழியாகப் பாதை. இரண்டு பக்கமும் பழைய மரங்கள். ராணுவக் குடும்பங்கள் மேசை போட்டு உப்புத் தடவிய எலுமிச்சைத் துண்டும் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் பேசினேன். பாதி தூரம் தாண்டியதும் அக்காவே, “போதுமுங்க, இனி மூச்சு வேணும்” என்றார். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. பேச்சில்லாமல் ஓடியபோதுதான் அவர் எவ்வளவு சிரமப்பட்டு ஓடுகிறார் என்பது எனக்குக் கேட்டது. அவர் மூச்சில் சின்னதாக ஒரு விசில் இருந்தது. இவ்வளவு காலம் என் குரலில் அது மூழ்கிப்போயிருந்தது.

மரங்களுக்குக் கீழே கடிகாரம் தூரத்தைத் தாறுமாறாகச் சொன்னது. அடுத்த கிலோமீட்டர் முடிந்தது என்று அது அதிர்ந்து நெடுநேரம் கழித்துத்தான் பலகை வந்தது. பலகையையும் நேரத்தையும் வைத்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினெட்டு என்ற பலகையைக் கடந்தபோது மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். அதே வேகத்தில் போனால் வரம்புக்குள் போய்ச் சேர முடியாது. அதிகம் வித்தியாசம் இல்லை, ஆனால் போதாது.

கை அதிர்ந்துகொண்டே இருந்தது. சாலையோரம் நின்ற கல்லூரிப் பெண்கள் கைதட்டி, “சலா காக்கூ, தோடச் ராஹிலய்” என்றார்கள். கொஞ்சம்தான் பாக்கி சித்தி, வாங்க, என்று. அவர்கள் எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நானும் அதையே சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். போன வருடம் அப்படித்தான் சொன்னேன். வந்துடலாங்க்கா, அவசரமில்ல, என்று.

“அக்கா.”

“ம்.”

“இப்படியே போனா பத்தாது.”

அவர் முகம் மாறியது. “என்ன பத்தாது?”

“நேரம். பாலத்து மேலயே வண்டி நம்மளப் புடிச்சிரும். இன்னும் கொஞ்சம் எட்டி வெச்சாத்தான் முடியும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, நடப்போம், வண்டி வந்ததும் ஏறிக்கலாம்.”

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேர்வையா என்று தெரியவில்லை. “வாயை மூடிட்டு வாங்க” என்றார். என்னிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. கைகளை இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். அதை ஓட்டம் என்று பார்ப்பவர் சொல்லமாட்டார். தோளைக் கொண்டு எதையோ முட்டித் தள்ளுவது மாதிரி இருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் விசில் சத்தம் பெரிதானது. இறக்கத்தில் கை அதிர்வது நின்றது. பத்தொன்பதாவது பலகை, இருபதாவது பலகை. நான் நேரத்தை மட்டும் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசித் திருப்பத்தில் அலங்கார வளைவும் பெரிய கடிகாரப் பலகையும் தெரிந்தன. வரம்புக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. முடிவுக் கோட்டில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை அக்காவின் கால் மிதித்தது, எங்கோ பீப் என்று சத்தம் கேட்டது.

யாரோ அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அவர் ஓரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். நான் தண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். பதக்கத்தைப் பார்த்தார். “வந்துட்டியா?”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“மேடைக்குப் பின்னால. வண்டி அங்கதான நிக்கும்? நீ எறங்கும்போது பக்கத்துல யாராவது இருக்கணுமேன்னு நின்னுட்டிருந்தேன்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “உங்களை யாருங்க அங்க நிக்கச் சொன்னாங்க,” என்றார், சத்தமே இல்லாமல். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். கைப்பேசியில் ஒரு படம்கூட இல்லை.

“தம்பி,” என்றார் அக்கா. “நான் கோட்டைத் தாண்டினது இந்தக் கடிகாரத்துல இருக்குங்களா?”

“என் கை தாண்டினது இருக்கும்க்கா. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க.”

“அது போதும்.”

திரும்பி வரும்போது அவர்களுடைய காரில் பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். கார் பிம்ப்ரியைத் தாண்டியது. பிறகு அக்கா திரும்பாமலே கேட்டார்.

“பத்தாதுன்னு போன வருஷமே சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“போன வருஷம் எனக்கே தெரியாதுக்கா.”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

நான் நிஜமாகவே யோசித்தேன். “மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

“அதான்,” என்றார் அவர்.

அந்த வாரம் மென்பொருள்காரரிடம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கொடுக்கவில்லை. அவரிடமே விலைக்கு வாங்கிக்கொண்டேன். சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சும்மா வாங்கினால் என்றாவது ஒரு நாள் பெட்டியில் போட்டு மறந்துவிடுவேன் என்று சொன்னேன். என்னிடம் யாராவது வாங்கலாமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். தனக்காக ஓடுகிறவனுக்கு அது வேண்டாம், அவனுக்கு வயிறும் முழங்காலும் போதும். இன்னொருவரின் நேரத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு ஓடுகிறவன் வாங்கத்தான் வேண்டும். ஒருவரைப் பிடித்துப்போனால் நம் கால் அவருக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். மற்ற நாட்களில் வெறும் கையோடுதான் டேக்டியில் ஏறுகிறேன்.

இரண்டு ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டு அக்கா மறுபடி வந்தார். கால் லேசாக நொண்டிக்கொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்து மென்பொருள்காரர் பக்கம் நீட்டினார்.

“இதுல அந்த வேகம் குறிச்சு வெச்சீங்கல்ல. அதை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”

“எதுக்கு ஆன்ட்டி? அதான் முடிச்சுட்டீங்களே.”

“அடுத்த தடவை அவரு முன்பக்கம் நிக்கறேன்னு சொல்லியிருக்காரு. அவரு நினைக்கறதுக்கு முந்தியே வந்துட்டேன்னா அப்பவும் தவற விட்டுருவாரு. அதையும்தான் பாக்கோணும்.”

மென்பொருள்காரர் என்னைப் பார்த்தார். ஏற்றட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நான் கையை நீட்டியபடியே நின்றேன், அவர் பொத்தானை அழுத்தத் தொடங்கினார்.